பணிய லயத்து மழைமானி

ஒரு பிள்ளையின் பயத்தைக் குறைக்கப் போய், அந்தப் பயத்தை நாளுக்கு இரண்டு தடவை அளந்து எழுத ஒரு கொப்பியையும் கொடுத்துவிட்டு வந்தவள் நான். செய்தபோது அது சரியான வேலை என்றுதான் நினைத்தேன். அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

அப்போது நான் கண்டியில் மூன்று அறைகளில் இயங்கிய ஒரு திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். தேயிலைத் தோட்டப்பகுதிச் சரிவுகளில் மழைமானி பொருத்துவது, அதை வாசிக்க ஆட்களைப் பழக்குவது, மண் சரியுமுன் எல்லோரும் வெளியேறுவதற்கு ஒத்திகை வைப்பது ஆகியவை என் வேலைகள். குடிசார் பொறியியலில் டிப்ளோமா முடித்திருந்தேன். மழைமானியைப் பற்றி எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நானும் ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்தேன் என்பதுதான். அம்மா சொல்வதைப் பார்த்தால் அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஐந்து வயதிலேயே என் பள்ளிக்கூடப் பையில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேனாம்.

திட்டத்தைப் பார்வையிட வந்தவர்கள், "பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை எங்கள் பொறியியலாளர் என் மேசையில் ஒரு துண்டுப்பிரசுரத்தை வைத்தார்.

"உங்களுக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியும்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். அது அவருக்கு இரண்டு வருடங்களாகத் தெரியும்.

"தெரியும் சேர்."

"அப்ப பிள்ளைகள் பகுதியும் நீங்கதான்."

நியமனம் அவ்வளவுதான். பிரசுரத்தின் தலைப்பைத் தமிழில் 'பிள்ளைகளிடம் பதகளிப்பை இனங்காணல்' என்று எழுதினேன். அதில் ஒன்பது அறிகுறிகள் இருந்தன. வயிற்றுவலி, தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, நகம் கடித்தல், பள்ளிக்குப் போக மறுத்தல், தாயை ஒட்டிக்கொண்டே இருத்தல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், காரணமில்லாத கோபம். ஒன்பதில் நான்கு எனக்கே இருந்தன. நகத்தையும் சேர்த்தால் ஐந்து. சமாளிக்கும் வழிகள் மூன்று. மூச்சை மெதுவாக இழுத்து விடச் செய்தல், பயத்துக்கு ஓர் எண் கொடுக்கச் செய்தல், பிள்ளையின் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தல். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற இரண்டுக்கும் என்னிடம் கருவி இல்லை.

நான் போன தோட்டம் புசல்லாவைக்கு மேலே. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி, கம்பளையில் அரை மணி நேரம் நகராமல் நின்று, பிறகு புசல்லாவையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். மேலே தொழிலாளர் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். ஒன்று மேட்டு லயம். கீழே இருப்பது பணிய லயம். முந்திய வருட மழையில் மேட்டு லயத்தின் பின்பக்கச் சரிவு இடிந்து, இரண்டு வீடுகளின் குசினிகளை எடுத்துக்கொண்டு வந்து, பணிய லயத்தின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு லயத்துச் சனமும் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினொரு நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

அதே மண்டபத்தில்தான் பிள்ளைகளைக் கூட்டினேன். இருபதுக்குக் கொஞ்சம் கூட. ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லோரும் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புக்குள் படிப்பவர்கள்.

"பயம் வந்தா உடம்பில எந்த இடத்தில தெரியும்? சொல்லுங்கோ பாப்பம்," என்றேன். என் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தார். நான் பிறந்து வளர்ந்தது கண்டியில் என்றாலும் வாயில் வருவது வீட்டுப் பேச்சுதான்.

"சொல்லுங்கோ பாப்பம்," என்று பின்வரிசையில் யாரோ என்னைப்போலவே சொன்னார்கள். மண்டபம் சிரித்தது.

"எனக்குக் காலுல தெரியும் மிஸ். ஓடிருவேன்."

"இவனுக்கு கக்கூசு வரும் மிஸ்! போன வருஷம் மண்ணு வந்தப்ப கூட..."

"ஏய், ஒனக்குத்தான் வந்துச்சு!"

நெஞ்சு, தொண்டை, வயிறு, கால் என்று கரும்பலகையில் எழுதினேன். கக்கூசை 'வயிறு' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் பயத்தை ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிப் பேசுவதுபோல உற்சாகமாகப் பேசினார்கள். ஒருத்தி மட்டும் பேசவில்லை. பன்னிரண்டு வயதிருக்கும். தன் அம்மாவின் பக்கத்தில், கூட்டத்தில் சேராமல், தூணோடு நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாவே வந்தார். கொழுந்து எடுத்த கை, விரல் நுனி எல்லாம் கறுப்பு.

"மிஸ், இவதான் மிஸ். மழ பெஞ்சா பள்ளிக்கூடம் போகமாட்டா. வயித்த வலிங்குறா, வாந்தி எடுக்குறா. கொத்தமல்லித் தண்ணி குடுத்தாச்சு, டிஸ்பென்சரியில கேஸ் மருந்து எடுத்தாச்சு, மாரியம்மன் கோயில்ல கயிறு கட்டியாச்சு. மருந்துக்கும் கேக்கல, சாமிக்கும் கேக்கல."

பணிய லயத்திலிருந்து புசல்லாவை டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரே பிள்ளை அவள். ஏழாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் இரண்டு கடிதம் அனுப்பிவிட்டார்.

"இந்தத் தவணை முடியிற வரைக்கும் பாப்பேன் மிஸ். அப்பவும் இப்படித்தான்னா வத்தளையில என் தங்கச்சிகிட்ட கொண்டுபோய் விட்டுருவேன். அங்க படிக்கட்டும். அங்க மலையுமில்ல, மண்ணு சரியவும் மாட்டாது."

இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்தாள். ஏழாவது அறிகுறி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பள்ளித் தவணை முடிய எட்டு வாரம் இருந்தது. எட்டு வாரம் என்பது நல்ல திட்டக்காலம்.

பிரசுரத்தின் பின்பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. பெயர், வயது, அறிகுறிகள். கடைசிக் கேள்வி: பிள்ளை சம்பவத்தை நேரில் கண்டதா?

"இல்ல மிஸ்," என்றார் அம்மா. "அந்த நேரம் பாத்து இவ பள்ளிக்கூடத்துல. சாமி புண்ணியம்."

'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். காணாததற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்றால் அது தகவல் போதாமைதான் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்து எந்தப் பயமும் சரியான தகவல் முன்னால் நிற்பதில்லை. விமானம் ஏறுமுன் அதன் இறக்கை எப்படி வேலை செய்கிறது என்று வாசித்தேன், பயம் போனது. பல் பிடுங்குமுன் பல்லின் வேர்களைப் பற்றி வாசித்தேன், போகவில்லை என்றாலும் குறைந்தது.

அதனால் பணிய லயத்து மழைமானியை அவள் பொறுப்பில் கொடுத்தேன்.

நிறக் கோடுகள் போட்ட ஒரு கண்ணாடி உருளை. தோட்டத்தில் அதை மழைப் போத்தல் என்பார்கள். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டால் கவனம், செம்மஞ்சளைத் தொட்டால் பையைக் கட்டு, சிவப்பைத் தொட்டால் வெளியேறு. காலையும் மாலையும் வாசித்து, கொப்பியில் எழுதி, அம்மாவின் போனிலிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்ப வேண்டும். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கண் இமைக்காமல் கேட்டாள்.

"இதப் பாத்தா மண்ணு வரும்னு முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"ஓம். நீங்கதான் முதல் தெரிஞ்சுகொள்ளுவீங்கள்."

"எல்லாருக்கும் முன்னாடியா?"

"எல்லாருக்கும் முன்னால."

முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பயிற்சி பெற்ற ஒருவரால் இந்த விஷயம் எவ்வளவு எளிதாக முடிகிறது என்று வியந்துகொண்டே வந்தேன்.

முதல் நாள் இரண்டு செய்தி வந்தது. "மிஸ், காலை வணக்கம். பணிய லயம். மழ சைபர்." வானொலிச் செய்தி வாசிப்பவர் போலச் சொன்னாள். நான்காம் நாள் ஏழு செய்தி. இரண்டாவது வாரத்தில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணுவதை விடுகிற ஆள் இல்லை நான். "மிஸ், மழ இல்ல. ஆனா ஈரமா இருக்கு." "மிஸ், மேகம் ஒண்ணு வந்துச்சு. போயிருச்சு." "மிஸ், போத்தலுக்குள்ள ஒரு பூச்சி விழுந்துருச்சு. பூச்சியால தண்ணி மட்டம் கூடுமா?" இது நல்ல கேள்வி. விரிவாகப் பதில் அனுப்பினேன்.

ஒரு காலை கண்டி வாவியைச் சுற்றி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, காதில் வைக்காமல் தவறுதலாக ஒரு செய்தியைச் சத்தமாகப் போட்டுவிட்டேன். "மிஸ், கறுப்பா வருது மிஸ்!" என்று பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் முக்காடு போட்டிருந்த அம்மா ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"எங்க மகள் கறுத்திருக்கு? நான் உடுப்பெல்லாம் காயப் போட்டுட்டு வந்த."

லயத்திலும் இதே கதை. அவளைக் கேட்காமல் யாரும் விறகை வெளியில் வைப்பதில்லை, மிளகாய் காயப் போடுவதில்லை. எங்கள் பொறியியலாளர் மாதாந்தக் கூட்டத்தில் பணிய லயத்து மழை வரைபடத்தைச் சுவரில் காட்டினார். எங்களிடம் இருந்த மழைமானிகளில் ஒரு வேளைகூடத் தவறாமல் வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான். "இந்தப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வேணும்," என்றார். சான்றிதழை நானே தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தபாலில் அனுப்பினேன். 'தவறாத சேவைக்காக.'

ஒரு வேளைகூட எப்படித் தவறவில்லை என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பிள்ளையின் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், முந்தியெல்லாம் மழ பெஞ்சாத்தான் பள்ளிக்கூடம் போகமாட்டா. இப்ப வெயிலடிச்சாலும் போகமாட்டேங்குறா. கேட்டா, போத்தல யாரு பாப்பாங்குறா. நீங்க குடுத்த காகிதத்த வேற சொவத்துல மாட்டி வச்சிருக்கா. டீச்சர் கேட்டா இதக் காட்டச் சொல்லுறா. நல்லா செஞ்சீங்க மிஸ், நல்லா இருங்க."

மூன்று வாரம் போயிருந்தது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பிரசுரத்தில் மிச்சமிருந்த இரண்டு வழிகளையும் கொண்டுபோனேன். அவள் வாசற்படியில், மழைமானி தெரியும் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். மிகத் துல்லியமாகச் செய்தாள்.

"இப்படி மூச்ச விட்டா மழ நிக்குமா மிஸ்?"

"மழை நிக்காது. உங்கட பயம் நிக்கும்."

"பயம் நின்னுட்டா அப்புறம் யாரு மிஸ் பாத்துக்குவா?"

அந்தக் கேள்வியை நான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கையில் பேனையும் இருந்தது. ஆனால் பிரசுரத்தில் அடுத்த வரி, பயத்துக்கு ஓர் எண் கொடுக்கச் சொல்லு என்று இருந்தது.

"சைபரிலயிருந்து பத்து வரைக்கும். இப்ப உங்கட பயம் எத்தனை?"

அவள் மழைமானியைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள். "ஆறு தசம் அஞ்சு."

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். தசமதானம் வரைக்கும் பயத்தைச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளையை உருவாக்கியிருந்தேன். அந்தத் தசமத்தோடு அவள் பள்ளிக்கூடம் போகாமல் வாசற்படியில் இருக்கிறாள் என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

கொடுத்ததைத் திருப்பி எடுப்பதுதான் மிச்சமிருந்த வழி. அடுத்த வாரம், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவை நடத்தும் அக்காவிடம் மழைமானியை ஒப்படைத்தேன். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொப்பியை இரண்டு கையாலும் அந்த அக்காவிடம் கொடுத்தாள். எப்படி வாசிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். வெற்றி என்று நினைத்தேன். திங்கட்கிழமை நல்ல வெயில். வயிற்றுவலி என்று படுத்துவிட்டாள்.

தவணை முடிய மூன்று வாரம் இருந்தபோது அந்தத் தோட்டத்தில் வெளியேறும் ஒத்திகை வைத்தோம். புதன்கிழமை காலை பத்து மணி. கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நேரம்தான் தோதாக இருந்தது. மழை எந்த நேரத்தைத் தோது என்று நினைக்கும் என்பதை யாரும் விவாதிக்கவில்லை. விசில் ஊதியதும் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வர வேண்டும். பைக்குள் வைக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரித்தது நான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டோர்ச், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல் என்று பதினான்கு பொருள். ஆட்களின் பட்டியலும் நான்தான், வீடு வீடாக.

அன்று எல்லாம் அழகாக நடந்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கங்காணியிடம் சொல்லிவிட்டு நேரே வந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சரோடு வரிசையாக வந்தார்கள். கிழவர் ஒருவர் பட்டியலில் இல்லாத ஒரு வானொலிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. நான் வாசித்தேன், அவர்கள் கை தூக்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராகச் சரி போட்டேன். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

"எல்லாரும் வந்தாச்சு," என்றேன். சனம் கைதட்டியது.

அவள் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"மிஸ், டவுன் பள்ளிக்கூடத்துல இருக்குறவங்கள எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

தாளைப் புரட்டினேன். மூன்று தாள்தான். மூன்றையும் இரண்டு பக்கமும் புரட்டினேன்.

"அப்படி ஒருத்தரும்..." என்று தொடங்கி நிறுத்தினேன். அப்படி ஒருத்தி இருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாமல் இங்கே நின்றபடியால்தான் என் பட்டியல் நிறைந்திருந்தது.

"நான் அங்க இருந்தா, என்னையக் கூட்டிக்கிட்டு வர்றது யாரு மிஸ்?"

பக்கத்தில் நின்ற அம்மா குறுக்கே வந்தார். "என்னா கேள்வி இது? போன தடவயும் பள்ளிக்கூடத்துலதானே இருந்த? பத்திரமாத்தானே இருந்த?"

"பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கே விட்டுட்டாங்க."

"எப்ப?"

"அன்னைக்கு. மழன்னு எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்க. நான் வீட்டுக்கு வந்தேன். யாருமே இல்ல. கதவெல்லாம் தொறந்து கெடந்துச்சு. அடுப்புல சோறு இருந்துச்சு. மண்ணு தண்ணித் தாங்கி வரைக்கும் வந்து நின்னுச்சு." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், பணிய லயத்துச் செய்தி வாசிப்பதுபோலவே. "நீங்க எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கீங்கன்னு நெனச்சேன். படியில ஒக்காந்திருந்தேன். ரெண்டு மணிக்கு மாடு அவுக்க வந்த மாமாதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

அம்மாவின் கையில் இருந்த பை கீழே இறங்கியது. அதற்குள்ளிருந்த போத்தல் தரையில் தட்டிய சத்தம் கேட்டது.

"அவரு வழியில பாத்தேன்னுதானே சொன்னாரு," என்றார். "நீ ஏன் புள்ள சொல்லல?"

"நான் வந்ததும் நீ, நல்ல வேள நீ அங்க இல்லன்னு சொன்ன. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

இரண்டு மணி நேரத்துக்கு மேல். பிள்ளை சம்பவத்தை நேரில் கண்டதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சரி போட்டிருந்த படிவம் கண்டியில் என் மேசையில், எழுத்து வரிசைப்படி, கோப்புக்குள் இருந்தது. மண் விழுந்ததைக் கண்டவர்கள் எல்லோரும் ஒன்றாக ஓடி, ஒன்றாக மண்டபத்தில் சோறு தின்று, கக்கூசைப் பற்றிச் சிரிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். காணாதவள் மட்டும் தனியாக மிச்சத்தைக் கண்டாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மழை அவளுக்குப் பிரச்சினையே இல்லை. அடுத்த தடவை எல்லோரும் கிளம்பும்போது தானும் அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அவள் செய்துகொண்டிருந்த வேலை. அதற்கு உதவியாக நான் ஒரு கருவி கொடுத்தேன். கருவி போனதும் ஆளாகவே காவல் நின்றாள். இந்த நிலையில், அம்மா கண்டுபிடித்த மருந்து, அவளை வத்தளைக்கு அனுப்புவது.

அம்மா அவளைத் திட்டினார். கொஞ்ச நேரம் நன்றாகவே திட்டினார். "வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சு ஒரு வருஷமா?" என்று கேட்டபடி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். அவள் முகத்தில் அப்போது துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவின் முகத்தில்தான் இருந்தது.

கண்டிக்குத் திரும்பி, ஒத்திகைப் படிவத்தில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று பொறியியலாளரிடம் சொன்னேன். வெளியில் படிக்கும் பிள்ளைகள், அவர்களை எடுக்கப் போகிறவர், அவர் போக முடியாவிட்டால் போகிற இரண்டாவது ஆள்.

"படிவம் அனுமதி பெற்றது," என்றார். "மாற்ற ஏலாது. கீழே குறிப்பு என்று பேனையால் எழுதுங்க."

குறிப்பு என்று பேனையால் எழுதினேன். விசில் ஊதினால் பணிய லயத்துப் பிள்ளையின் அம்மா கோயிலுக்குப் போகாமல் நேரே டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அவர் வரும்வரை வகுப்பு டீச்சர் பிள்ளையை வெளியே விடமாட்டார், பள்ளிக்கூடம் விட்டாலும் சரி. அம்மாவால் முடியாவிட்டால் பிள்ளைக் காம்பரா அக்காவின் புருஷன் போவார். டீச்சரிடம் நானே போய்ப் பேசினேன். பிள்ளை வராமல் இருந்ததற்கான காரணத்தையும் சொன்னேன். அப்போது அவர், மண் சரிந்த அன்று பதினொரு மணிக்கு எல்லோரையும் அனுப்பச் சொல்லி மணி அடிக்க ஓடியது தான்தான் என்றார்.

தாளைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். கவனமாக வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதினா போதுமா மிஸ்? செஞ்சு பாக்க வேணாமா?"

"பார்க்கலாம். ஆனா அதுக்கு நீங்க பள்ளிக்கூடத்தில இருக்க வேணுமே."

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். நான் தந்திரம் செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். செய்யவில்லை. ஒத்திகையின் விதி அது.

தவணையின் கடைசி வாரத்துக்கு முந்திய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் பள்ளிக்கூடம் போனாள். எங்களைப் பரிசோதிக்கத்தான் போனாள். வெள்ளைச் சீருடை போட்டு, போகும் வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்து, வாயைக் கழுவிக்கொண்டு போனதாக அம்மா சொன்னார். ஒன்பதரைக்குத் தோட்டத்தில் விசில் ஊதினார்கள். எனக்குப் போன் வந்ததும் பள்ளிக்கூட வாசலில் நின்ற நான் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தினேன். டீச்சர் அனுமதி கொடுத்து அவளும் என் பக்கத்தில் நின்றாள். கடிகாரத்தைத் தானே பிடித்துக்கொள்வேன் என்று வாங்கிக்கொண்டாள்.

பத்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்தாள். பதினைந்தில், "குறுக்குப் பாதையில வந்தா இப்ப வந்திருக்கணும்," என்றாள். இருபதில் நகத்தைக் கடித்தாள். எனக்கும் கடிக்க வேண்டும் போல இருந்தது. வரமாட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். கங்காணி விடவில்லையோ, வழுக்கி விழுந்தாரோ. இந்த ஒத்திகை தவறினால் எனக்கு இன்னொரு அறிக்கை. அவளுக்கு அப்படியில்லை.

திருப்பத்தில் அம்மா தெரிந்தார். மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் முழங்கால்வரை சேறு, தலையில் கூடை போட்ட தடம். ஓட்டமும் நடையுமாக வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"இருவத்தாறு நிமிஷம்," என்றாள் மகள்.

"அட மூதேவி, ஒடியாந்தேன் புள்ள!"

"குறுக்குப் பாதையில வரலயா?"

"அட்டை கடிக்கும்னு சுத்தி வந்தேன்."

"மண்ணு வரும்போதும் அட்டைக்குப் பயந்து சுத்தித்தான் வருவியா?"

வாசற்காவலாளி சிரித்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

"சரி, வா போவோம். வந்துட்டேன்ல," என்று அம்மா கையை நீட்டினார்.

"எங்க போறது? ஒத்திகதானே. எனக்கு நாலாம் பாடம் கணக்கு." கடிகாரத்தை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பாதி தூரம் போய்த் திரும்பி, அம்மா இன்னும் நிற்கிறாரா என்று பார்த்தாள். நின்றார். இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு வகுப்புக்குள் போய்விட்டாள். அம்மாவும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். வெளியேற்றப்பட வேண்டியவர் வர மறுத்துவிட்டார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வத்தளைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அடுத்த தவணையில் மழை பிடித்தபோது அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வலியோடு போனாள். இரண்டு நாள் போகவில்லை, மற்ற நாள் போனாள். மழை நாட்களில் இன்டர்வெல் மணிக்கு டீச்சர் தன் போனைக் கொடுப்பார், ஒரே ஒரு அழைப்பு.

"அம்மா, எங்க இருக்க?"

"மலையில."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. மாதம் ஒரு தடவை ஒத்திகை வேண்டும் என்று அவளே நிபந்தனை போட்டாள். கடைசியாக நான் கேட்டபோது பத்தொன்பது நிமிடம், குறுக்குப் பாதை, இரண்டு அட்டைக் கடி.

திட்டம் முடிகிற மாதத்தில், மழைமானிகளைக் கணக்கெடுக்க அங்கே போனேன். தூறிக்கொண்டிருந்தது. பணிய லயத்துக்கு மேலுள்ள மலையில் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்து, மடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். திரும்ப மடியில் வைத்தார். ஒரு கை கொழுந்து எடுத்தார். திரும்பவும் போனை எடுத்தார்.

"என்ன அக்கா, யாரிட்டயிருந்தாவது போன் வர வேணுமா?"

"மணி பத்தரை தாண்டிருச்சு மிஸ். இன்டர்வெல் முடிஞ்சிருக்கும். இன்னும் கூப்புடல." போனை ஒரு தட்டு தட்டினார், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டதுபோல. "மறந்துட்டா போல. கூட்டாளிங்களோட வெளயாடிக்கிட்டு இருப்பா. நல்லதுதான். ஆனா இப்பல்லாம் அவ கூப்புடாட்டி எனக்கு வயித்தக் கலக்குது மிஸ்."